சாறு பிழியும் மிஷின் வாங்குவதற்கு முன்னால்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பள்ளத்தூர் மகளிர் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆனாலும் தலைவி அக்கா, "நீ விசாரிச்சதை எல்லாரும் கேட்கட்டும், வந்து சொல்லு" என்றதால் வந்து நிற்கிறேன். தப்பும் தவறுமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேசப் போவது கோதுமைப்புல் சாறு பிழியிற மிஷினைப் பற்றி. ஆண்டு விழாவில் பேச வேறு விஷயமா இல்லை என்று சிலர் நினைக்கலாம். எங்கள் குழுவில் ஒரே மாதத்தில் ஐந்து பேர் உள்கடன் கேட்டு வந்தோம். படிப்புச் செலவுக்கோ, ஆடு வாங்கவோ, வீடு ஒழுகுதென்றோ இல்லை. ஐந்து பேரும் கேட்டது இந்த மிஷினுக்குத்தான். ஒரு ஆள் வீடு வீடாக வந்து, இந்தச் சாறு குடிச்சா சர்க்கரை ஓடிப்போகும், ரத்தம் ஊறும், மாத்திரையைத் தூக்கிப் போடலாம் என்று சொல்லி, முன்பணம் கேட்டிருந்தார். ஐந்து பேருக்கும் கொடுத்தால் அந்த மாதம் வேறு யாருக்கும் கடன் கொடுக்க எங்கள் குழுவில் பணம் இருக்காது. அதனால் ஒரு மாதம் பொறுத்து, விசாரித்து, அப்புறம் முடிவு செய்வோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். விசாரிக்கிற வேலையை நானும் இன்னும் மூன்று பேரும் எடுத்துக்கொண்டோம். அந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறேன்.

முதலில் கோதுமைப்புல்லைப் பற்றி

கோதுமை நம்ம மண்ணில் விளைகிற பயிர் இல்லை. ஆனால் ஒரு தட்டில் மண் பரப்பி, ஊறவைத்த கோதுமையைத் தூவினால் எட்டு பத்து நாளில் ஒரு சாணுக்குப் புல் வந்துவிடும். கதிர் வருவதற்கு வெகு முன்னால், இளசாக இருக்கும்போதே அறுத்துச் சாறு எடுக்கிறார்கள். நமக்கு இது புதிதும் இல்லை. அருகம்புல் சாறு நம்ம பாட்டி காலத்திலிருந்தே இருக்கிறது. அம்மியில் தட்டி, வெள்ளைத் துணியில் பிழிந்து குடித்தவர்கள்தான் நம்மவர்கள். இன்றைக்கும் டவுன் பக்கம் காலையில் நடக்கப் போகிறவர்களுக்கு வண்டியில் வைத்து அருகம்புல் சாறு விற்கிறார்கள்.

கோதுமைப்புல்லுக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்தவர் ஆன் விக்மோர் என்ற அமெரிக்க அம்மா. பாஸ்டன் நகரத்தில் நிலையம் வைத்து நடத்தியவர். இந்தச் சாறும் பச்சை உணவும் சாப்பிட்டால் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் குறையும், இன்சுலினே வேண்டாம் என்றுகூடச் சொல்லிவந்தார். 1982-இல் அந்த மாநில அரசு வழக்கறிஞரே அவர் மேல் வழக்குப் போட்டார். அந்த அம்மாவும் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இதையெல்லாம் தேடிப் படித்துச் சொன்னது சீதாலட்சுமி ஆச்சி கல்லூரியில் படிக்கிற எங்கள் நாத்தனார் மகள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே கோர்ட்டு ஏறிய பேச்சு, இப்போது நம்ம தெரு முனையில் நின்று முன்பணம் கேட்கிறது.

அதற்காகப் புல்லில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கீரையில் இருக்கிற மாதிரி பச்சையத்தோடு, வைட்டமினோடு கொஞ்சம் சத்து இருக்கிறது. பெருங்குடல் புண் நோய் உள்ள 23 பேரை வைத்து ஒரு மாதம் இந்தச் சாற்றை இஸ்ரேல் நாட்டில் சோதித்துப் பார்த்து, கொஞ்சம் குணம் தெரிந்ததாக 2002-இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது 23 பேரை வைத்துப் பார்த்தது. அதை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள எல்லா வியாதிக்கும் மருந்து என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, "பச்சை ரத்தம்" என்கிற பேச்சு. புல்லின் பச்சையமும் நம்ம ரத்தத்தின் சிவப்பும் பார்க்க ஒரே அமைப்பு, அதனால் குடித்தால் ரத்தம் ஊறும் என்று சொல்கிறார்கள். அமைப்பு கொஞ்சம் ஒத்துப்போவது உண்மைதான். ஆனால் பச்சையத்தின் நடுவில் இருப்பது மெக்னீசியம். ரத்தத்தின் சிவப்புக்கு நடுவில் இருப்பது இரும்பு. வயிற்றுக்குள் போன பச்சையம் அப்படியே ரத்தமாக மாறாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரத்தசோகை நம்ம வீட்டு விஷயம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ரத்தத்தின் அளவு 12-க்குக் குறையக்கூடாது, கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக்கூடாது. குறைந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையை டீயோடு விழுங்காமல், ஒரு எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டாலே உடம்பில் நன்றாக ஒட்டும். இதற்கு மிஷின் வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இதை என் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் வந்ததிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவந்து கொடுப்பவரும் நம்ம மாதிரிக் குழுவில் இருக்கிற பெண்தான். அந்த வியாபாரி பேசியதைக் கேட்ட அன்றைக்கு, அத்தை யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். தெரிந்தவர் வீட்டிலிருந்து தினமும் ஒரு டம்ளர் சாறு வாங்கிக் குடித்தார்கள். மூன்றாவது வாரம் கால் பெருவிரலில் முள் குத்திய இடம் ஆறவே இல்லை. ராத்திரியில் நாலைந்து தரம் எழுந்தார்கள். மாத்திரை கொடுக்க வந்த அந்தப் பெண்தான் பழைய அட்டையில் மாத்திரை அப்படியே இருப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்தது. சோதனை செய்தால் சாப்பிடுவதற்கு முன்னாலேயே 300-ஐத் தாண்டியிருந்தது. திரும்ப மாத்திரை, காலுக்குக் கட்டு என்று ஒரு மாதம் அலைந்தோம். கடவுள் புண்ணியத்தில் விரல் தப்பித்தது.

அத்தை இப்போதும் சாறு குடிக்கிறார்கள். மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். சாறு குடிப்பதால் அவர்களுக்கு ஒரு திருப்தி, காலையில் ஒரு பழக்கம். அதில் எனக்கு வருத்தமில்லை. அதனால் நான் சொல்வது இதுதான். மிஷின் வாங்குகிறவர்கள் அதை ஒரு கீரை, ஒரு பழச்சாறு மாதிரி நினைத்து வாங்குங்கள். மருந்துக்குப் பதிலாக நினைத்து வாங்காதீர்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இந்தச் சாற்றைத் தொடவே வேண்டாம். புல்லில் உள்ள வைட்டமின் கே, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற சில மாத்திரைகளின் வேலையைக் கெடுக்கும். கர்ப்பிணிக்கு ஏன் வேண்டாம் என்றால், வேகவைக்காத சாறு, ஈரத்தில் வளர்ந்த புல், கிருமி இருக்கலாம்.

மிஷினில் என்ன வித்தியாசம்?

சரி, இனி மிஷினுக்கு வருகிறேன். கடைக்குப் போனால் பத்து விதம் காட்டுவார்கள். ஆனால் உள்ளே நடப்பது இரண்டே வேலைதான். ஒன்று வெட்டுவது. இன்னொன்று நசுக்கிப் பிழிவது.

நம்ம வீட்டு மிக்ஸி வெட்டுகிற சாதி. நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று சுற்றும். கேரட், ஆப்பிளுக்கு விற்கிற வேகமான ஜூசரும் அதே சாதிதான். சீவித் தள்ளி, சல்லடையில் சுழற்றிச் சாற்றை வெளியே எறியும். பழத்துக்கு அது சரி. புல் நார் நாராக இருப்பதால் அதில் சுற்றிக்கொள்ளும், இல்லையென்றால் பாதி நசுங்கி ஈரத்தோடு சக்கையில் போய்விடும். நுரை மட்டும் நிறைய வரும். ஆகவே யாராவது "இந்த ஜூசரிலேயே புல்லும் பிழியலாம்" என்று வேகமான மிஷினைக் காட்டினால் நம்பாதீர்கள்.

நசுக்கிப் பிழிகிறது செக்கு மாதிரி. செக்கு மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் கடைசிச் சொட்டு வரைக்கும் எண்ணெயை இறக்கிவிடும். புல்லுக்கு வேண்டியது இதுதான். இதில் மூன்று வகை.

முதல் வகை, கையால் சுற்றுகிறது. கறி கொத்துகிற மிஷின் மாதிரி இருக்கும். உள்ளே திருகாணி மாதிரி ஒரு உருளை. மேலே புல்லைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், கீழே சாறும் முன்பக்கம் சக்கையும் வரும். கரண்ட் வேண்டாம். நாங்கள் விசாரித்தபோது ஆயிரத்து சொச்சத்திலிருந்து மூவாயிரம் வரை சொன்னார்கள்.

இரண்டாவது, கரண்டில் ஓடுகிற மெதுவான ஜூசர். ஒரே ஒரு திருகு உருளை, நிமிஷத்துக்கு நாற்பதிலிருந்து எண்பது சுற்றுத்தான். சத்தம் குறைவு. பழம், கீரை, புல் எல்லாம் ஓடும். ஏழெட்டு ஆயிரத்தில் ஆரம்பித்து இருபதாயிரத்துக்கு மேலும் போகிறது.

மூன்றாவது, இரட்டைப் பல்சக்கரம் உள்ளது. புல்லை நன்றாகப் பிழியும். ஆனால் விலையைக் கேட்டால் தங்கம் வாங்கிவிடலாம் போலிருக்கிறது. சாமான் அதிகம், கழுவுகிற வேலையும் அதிகம். நம்ம வீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

மிக்ஸியே போதாதா?

இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். 2011-இலிருந்து அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி நம்மில் நிறையப் பேர் வீட்டில் இருக்கிறதே, அதில் அரைத்தால் என்ன என்று. நாங்கள் செய்து பார்த்தோம். ஒரு கைப்பிடிப் புல்லைக் கழுவி, விரல் கணு நீளத்துக்கு நறுக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு நாலு சுற்று. பழைய வேட்டித் துணியில் கொட்டி முறுக்கிப் பிழிந்தால் சாறு வந்துவிட்டது. நுரையும் மண் வாசனையும் கொஞ்சம் அதிகம். தண்ணீர் கலந்திருக்கும். ஆனால் குடிக்க நன்றாகத்தான் இருந்தது.

"மிக்ஸியில் சூடாகி என்சைம் எல்லாம் செத்துப்போகும், அதனால் எங்கள் மிஷினைத்தான் வாங்கணும்" என்று வியாபாரி சொன்னார். என்சைம் என்பது ஒருவகைப் புரதம். வயிற்றுக்குள் போனால் பருப்பு, முட்டையில் இருக்கிற புரதம் மாதிரி அதுவும் செரிமானம் ஆகிவிடும். மெதுவான மிஷினில் உயிரோடு காப்பாற்றி எடுத்தாலும் வயிற்றில் அதே கதிதான். அரை நிமிஷம் மிக்ஸி ஓடினால் சாறு கொதித்தும் விடாது. ஆகவே அந்தப் பேச்சுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் குடிக்கிறவர்களுக்கு மிக்ஸியும் துணியும் போதும். தினமும் ஒருவர் இருவர் குடிக்கிற வீட்டுக்குக் கைமிஷின் போதும். நாலைந்து பேர் தினமும் குடிக்கிறோம், பழச்சாறும் போடுகிறோம், கையில் வலு இல்லை, மூட்டு வலி இருக்கிறது என்பவர்களுக்குத்தான் கரண்ட் மிஷின்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஒன்று. கடைக்குப் போகும்போது ஒரு கட்டுப் புல் கொண்டு போங்கள். கோதுமைப்புல் இல்லையென்றால் அருகம்புல் போதும். "இதைப் பிழிந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேரட்டை வைத்துக் காட்டினால் ஏமாறாதீர்கள். கேரட்டை எந்த மிஷினும் பிழியும்.

இரண்டு. வெளியே வந்த சக்கையைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் சாறு வழிந்தால் மிஷின் சரியாகப் பிழியவில்லை. தேங்காய்ப்பால் பிழிந்த சக்கை மாதிரி பொலபொலவென்று இருந்தால் நல்ல மிஷின்.

மூன்று. கைமிஷின் என்றால் உங்கள் வீட்டில் அதை எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். மேஜை விளிம்பில் திருகி மாட்டுகிற மாதிரித்தான் வரும். நம்ம ஊர்ப் பழைய அடுப்படிகளில் விளிம்பே இல்லாமல் சுவரோடு சேர்த்துக் கட்டிய மேடைதான் இருக்கும். அதில் மாட்டவே முடியாது. கிரானைட் போட்ட மேடையிலும் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் பிடிக்கும். வீட்டில் மேடையின் கனத்தை ஒரு நூலில் அளந்து, அந்த நூலைக் கையோடு கொண்டு போங்கள். மேடை சரிவராவிட்டால் மரப் பெஞ்சில் மாட்டலாம், அது ஆடாமல் இருக்கணும். அடியில் உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் வைத்ததும் வருகிறது. அது வழவழப்பான தரையில்தான் ஒட்டும், சொரசொரப்பான சிமெண்டில் ஒட்டாது.

நான்கு. உள்ளே இருக்கிற உருளை என்ன பொருள் என்று கேளுங்கள். எவர்சில்வராக இருந்தால் நல்லது. வார்ப்பிரும்பில் ஈயம் பூசி வருவதும் உண்டு. பூச்சு தேய்ந்தால் துரு வரும், கழுவியவுடன் துடைத்து வைக்கணும். பிளாஸ்டிக் உருளை என்றால் விரிசல் விடும் இடம் அதுதான், தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள்.

ஐந்து. கழற்றி மாட்டிப் பாருங்கள். கடைக்காரர் கழற்றுவதைப் பார்த்துத் தலையாட்டாமல், நீங்களே உங்கள் கையால் கழற்றி மாட்டணும். எத்தனை துண்டு, எந்தச் சந்தில் நார் மாட்டும், கழுவுகிற பிரஷ் கூட வருகிறதா என்று பாருங்கள். ஒரு மிஷின் பரணுக்குப் போவது சாறு வராததால் இல்லை, கழுவ அலுத்துப்போவதால்தான்.

ஆறு. கரண்ட் மிஷின் என்றால் எத்தனை நிமிஷம் தொடர்ந்து ஓட்டலாம் என்று கேளுங்கள். வீட்டு மிஷின்கள் பலவற்றை ஒரே மூச்சில் கால் மணி, இருபது நிமிஷத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. பின்பக்கம் சுற்றுகிற பொத்தான் இருக்கணும், புல் சிக்கினால் அதுதான் காப்பாற்றும். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். 200 வாட் மிஷினைத் தினமும் கால் மணி நேரம் ஓட்டினாலும் இருபது நாளைக்கு ஒரு யூனிட்தான் ஆகும்.

ஏழு. ரிப்பேர் எங்கே என்று கேளுங்கள். காரைக்குடியிலேயே பார்க்கிறார்களா, மதுரைக்கு அனுப்பணுமா? உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமா, உருளைக்கும் சல்லடைக்கும் சேர்த்தா? "ஐந்து வருஷ கேரண்டி" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். உள்ளே பொடி எழுத்தில் மோட்டாருக்கு மட்டும் என்று இருக்கும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள்.

கடன் கணக்கு

இப்போது நம்ம கணக்கைப் பார்ப்போம். அந்த வியாபாரி சொன்ன மிஷின் 12,000 ரூபாய். குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில், பத்து மாதத் தவணையில் எடுத்தால் முதல் மாதம் அசல் 1,200, வட்டி 120, ஆக 1,320 கட்டணும். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து கடைசி மாதம் 1,212 கட்டணும். மொத்த வட்டி 660. ஆக மிஷினுக்கு 12,660 ரூபாய்.

அதே 12,660 ரூபாய்க்கு, ஒரு முட்டை ஆறு ரூபாய் என்று வைத்தால், 2,110 முட்டை வாங்கலாம். தினம் ஒன்று வீதம் ஒரு பிள்ளைக்கு ஐந்தே முக்கால் வருஷத்துக்கு வரும். முருங்கைக்கீரைக்கு நம்ம ஊரில் காசே வேண்டாம், கொல்லையில் கிடக்கிறது. சத்துக்காகத்தான் மிஷின் வாங்குகிறோம் என்றால், முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதற்கு அப்புறமும் வாங்க ஆசையிருந்து, வாங்கச் சக்தியும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். பெண்கள் தனக்கென்று ஒரு சாமான் வாங்கினால் அது வீண் செலவு என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

வாங்கிய பிறகு

விதைக் கடையில் வாங்குகிற கோதுமையில் பூச்சி மருந்து கலந்திருக்கலாம், அது வேண்டவே வேண்டாம். சாப்பிடுகிற கோதுமையில் ஒரு பிடியை ஊறவைத்து, முளை வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் நிறையப் போடுங்கள். ராத்திரி ஊறவைத்து, ஒரு நாள் ஈரத் துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் தட்டில் தூவணும். தட்டில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கணும். நம்ம ஊர் வெயிலுக்கு வெளியே வைத்தால் கருகும், நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். நெருக்கித் தூவினாலும் தண்ணீர் தேங்கினாலும் அடியில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த தட்டை, மனசு கேட்காவிட்டாலும், அப்படியே உரக்குழியில் கொட்டிவிடுங்கள். தினமும் புல் வேண்டுமென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு தட்டு தூவிவரணும்.

அருகம்புல் என்றால் சாக்கடை ஓரம், ரோட்டோரம், மருந்தடித்த வயல் வரப்பில் பறிக்காதீர்கள்.

புல்லை நறுக்கித்தான் மிஷினில் போடணும். முழு நீளத்துக்குப் போட்டால் உருளையில் சடை மாதிரிச் சுற்றிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், திணிக்காதீர்கள். பிழிந்த கையோடு குடித்துவிடுங்கள், வைத்திருந்து குடிக்க வேண்டாம். முதலில் இரண்டு மேஜைக்கரண்டி போதும். அதிகம் குடித்தால் சிலருக்குக் குமட்டும். மிஷினை அப்போதே கழுவணும். நார் காய்ந்தால் சல்லடையில் சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சக்கையை மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிடலாம்.

இதையே தொழிலாகச் செய்து காலையில் விற்கலாமே என்று இரண்டு தங்கச்சிகள் கேட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வீட்டு மிஷினைக் கடைக்கு வைத்தால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம், மோட்டாரும் தாங்காது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்யணும். அதைத் தனியாகத் திட்டம் போட்டுச் செய்வோம்.

ஏமாந்தால் என்ன செய்வது?

ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். வீட்டு வாசலுக்கு வருகிறவர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது ரசீது ஆகாது. கடைப் பெயர், முகவரி, வரி எண், தேதி இருக்கணும். பழுதான சாமானைக் கொடுத்துவிட்டு மாற்ற மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கணும். ஐந்து லட்சம் வரைக்குமான சாமானுக்கு மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. சர்க்கரையைக் குணமாக்கும், புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கிற சட்டம் 1954-இலேயே நம்ம நாட்டில் வந்துவிட்டது. அடுத்த முறை வாசலில் யாராவது அப்படிப் பேசினால், "இதையே ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எங்கள் தெருவில் கேட்டோம். அந்த ஆள் பையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், இன்னும் வரவில்லை.

எங்கள் குழு என்ன முடிவு செய்தது?

மாதக் கடைசிக் கூட்டத்தில் இதையெல்லாம் வைத்துப் பேசினோம். கடன் கேட்ட ஐந்து பேரில் இரண்டு பேர் மிக்ஸியும் துணியுமே போதும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு பேர் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்து வீடு என்பதால், எவர்சில்வர் கைமிஷின் ஒன்றைச் சொந்தக் காசிலேயே வாங்கிக்கொண்டார்கள். நானும் எங்கள் வீட்டுக்குக் கைமிஷின்தான் வாங்கினேன், அதற்குக் கடன் தேவைப்படவில்லை. ஆக, அறுபதாயிரம் ரூபாய் வெளியே போக இருந்த மாதத்தில் மிஷினுக்காக ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அந்த மாதம் ஒரு உறுப்பினரின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணமும், இன்னொருவருக்குக் கறவை மாட்டுக்குக் கடனும் கொடுத்தோம்.

கூட்டமைப்புக்கு எங்கள் குழுவின் சார்பில் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். வெளி வியாபாரி யார் வந்தாலும் குழுக் கூட்டத்துக்குள் வைத்து விற்பனை செய்ய விடக்கூடாது. ஒரே சாமானுக்கு மூன்று பேருக்கு மேல் கடன் கேட்டால் ஒரு மாதம் பொறுத்து விசாரிக்கணும். சாறு, கஷாயம், பொடி எதைக் குடித்தாலும், மாத்திரை கொண்டுவருகிற நம்ம பெண்ணிடம் அதைச் சொல்லணும். இந்த மூன்றாவதைத் தீர்மானமாக எழுதாவிட்டாலும் பரவாயில்லை, மனசில் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே வந்திருக்கிற மாமியார்மார்களே, அம்மாமார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. மருமகளுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருமகள்களே, வாரம் ஒரு தரம் அந்த அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். எண்ண ஒரு நிமிஷம்தான் ஆகும்.

கைமிஷினைப் பார்க்கணும் என்பவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் பின்பக்கம் வாருங்கள். பெஞ்சில் மாட்டி வைத்திருக்கிறோம், ஒரு கட்டு அருகம்புல்லும் இருக்கிறது. நீங்களே சுற்றிப் பாருங்கள்.